இசைத்தட்டிலிருந்து வன்தட்டுக்கு: பெயர்கள் தொலைந்த வரலாறு

பரிபாடலை உ.வே. சாமிநாதையர் 1918ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். எழுபது பாடல்கள் இருந்ததாகச் சொல்லப்படும் அத்தொகையில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று செய்திகள் குறிக்கப்பட்டுள்ளன: பாட்டை இயற்றியவர் யார், அதற்கு இசை வகுத்தவர் யார், அதன் பண் எது. பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என இசை வகுத்தோரின் பெயர்கள் வருகின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்களும் வருகின்றன. ஆனால் அந்த இசை எப்படி ஒலித்தது என்று சொல்ல இன்று எவருமில்லை. ஓசை போய்விட்டது, ஓசைக்கு உரியவர் பெயர் நின்றுவிட்டது.

பெரம்பூரில் ஏதேனும் ஒரு வீட்டில், ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பழைய கணினி ஒன்று இன்னும் உயிரோடிருந்தால், அதை இயக்கிப் பாருங்கள். இதற்கு நேர்மாறான காட்சியைக் காண்பீர்கள். 'டிராக் 01', 'புதிய அடைவு 2', 'அப்பா கேசட் பி சைடு' என்று கோப்புகள் வரிசையாக நிற்கும். சொடுக்கினால் பாட்டு குறையின்றி ஒலிக்கும். யார் பாடியது, யார் எழுதியது, எந்த ஆண்டு என்று கேட்டால் கணினிக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு இசைச் சேமிப்பை மாற்றுவதை ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலையாகவே நாம் கருதுகிறோம். கோப்புகளைப் படியெடுத்தால் போதும் என்பது எண்ணம். ஆனால் நம் நாட்டில் இசை ஒலிப்பதிவு தொடங்கி 120 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அந்த வரலாற்றை ஒருமுறை நடந்து பார்த்தால், பெட்டி மாறிய ஒவ்வொரு தருணத்திலும் ஓசை ஏறக்குறைய ஊர் வந்து சேர்ந்திருப்பதையும், பெயர்கள் வழியிலேயே இறங்கிவிட்டிருப்பதையும் காணலாம்.

தொடக்கம் இப்படி இல்லை என்பதுதான் வியப்பு. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மூன்று நிமிடத்திற்குள் பாடி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். கேட்பவருக்கு அது செருக்காகத் தோன்றலாம். காரணம் வேறு. மெழுகில் பதிந்த மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்லவேண்டும். அங்கேதான் தட்டுகள் அழுத்தப்பட்டன. நம் மொழிகளில் ஒன்றும் அறியாத தொழிலாளர், எந்தத் தட்டின் நடுவில் எந்தத் தாளை ஒட்டுவது என்று அறியவேண்டும் அல்லவா? ஆகவே பாடியவரே பெயரையும் பாட்டோடு கட்டி அனுப்பினார். 1908இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. பெயர், ஓசைக்குள்ளிருந்து தட்டின் நடுவட்டத் தாளுக்குக் குடிபோயிற்று.

அந்த வட்டத்தாள் சிறியதாயினும் செறிவானது. பாடியவர் பெயர், பாட்டின் முதற்சொற்கள், இராகம், தாளம், தட்டின் எண். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி என்று ஊரும் பேருமாக அதில் நின்ற பெண்கள், அரங்கில் அவர்களை ஒருநாளும் கண்டிராத ஊர்களிலெல்லாம் அறியப்பட்டார்கள். 1930களில் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மனியின் ஓடியன் முத்திரையில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. கடைக்காரர்களுக்குப் பட்டியல் புத்தகங்களும் அச்சிடப்பட்டன. தட்டு உடைந்தாலும் பட்டியலில் பெயர் இருக்கும். இன்று ஆய்வாளர்கள் பழைய தட்டுகளை இனங்காண்பது பெரும்பாலும் இப்பட்டியல்களையும், தட்டின் உள்விளிம்பில் கீறப்பட்ட எண்களையும் கொண்டுதான்.

சினிமா வந்ததும் இந்த ஒழுங்கில் முதல் ஓட்டை விழுந்தது. 1949இல் வந்த 'மஹல்' என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்குரிய தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதைமாந்தரின் பெயரான 'காமினி' என்பதே அச்சாகியிருந்தது. வானொலிக்கு நேயர்கள் கடிதம் மேல் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே உண்மைப் பெயர் வெளிவந்தது. பாட்டுக்கு உரியவர் பெயரைக் கேட்டு வாங்கவேண்டிய நிலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் நம் தலைமுறைக்கு ஓர் இலக்கிய வகுப்பாகவே அமைந்தன என்று சொன்னால் மிகையாகாது. படம், இசையமைத்தவர், இயற்றியவர், பாடியவர் ஆகிய பெயர்களைத் திருத்தமான உச்சரிப்பில் சொல்லிவிட்டே பாட்டைத் தொடங்குவார்கள். பரிபாடலின் அடிக்குறிப்பு காற்றில் வந்ததுபோல! எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகளும் 'இது மருதகாசி பாட்டு' என்று சொல்லும் நிலை அதனால் இருந்தது. திரையரங்கு வாசலில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களும் இப்பணியைச் செய்தன.

பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த ஒலிநாடா, எண்பதுகளில் நம் தெருக்களை நிறைத்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் 'டூ இன் ஒன்' கொண்டுவந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரிலும் அவை கிடைத்தன. பெரம்பூரிலோ ரயில்வே பணிமனைகளிலும், 1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையிலும் மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் மிகுதி. தவணையிலேனும் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிவிடுவார்கள். தெருமுனை ரெக்கார்டிங் கடையில் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட நாடாவிலோ தொண்ணூறு நிமிட நாடாவிலோ பதிந்து தருவார்கள். உறையின் அட்டையில் கடைக்காரர் பந்துமுனைப் பேனாவால் முதற்சொற்களை மட்டும் எழுதுவார். இடம் அவ்வளவுதான்.

வானொலியிலிருந்து நேரே பதிந்தவர்களும் உண்டு. அவர்கள் செய்ததை இன்று நினைத்தால் சிரிப்பும் வருத்தமும் ஒருசேர வருகின்றன. அறிவிப்பாளர் பேசி முடிக்கும்வரை விரலைப் பொத்தானின்மேல் வைத்துக் காத்திருப்பார்கள். பேச்சு நின்று இசை எழும் நொடியில் அழுத்துவார்கள். நாடாவில் பேச்சு விழுந்தால் பதிவு 'கெட்டுவிட்டது' என்று பொருள். இவ்வாறு வானொலி கொடுத்த நான்கு பெயர்களையும் நேயரே தம் கையால் வெட்டி எறிந்தார். அந்த ஒலிநாடாக்கள்தாம் பின்னாளில் கணினிக்குள் ஏறின.

குறுந்தகட்டைப் பற்றி ஒரு செய்தி பலருக்கும் தெரியாது. கடையில் வாங்கிய இசைக் குறுந்தகட்டில் பொதுவாகப் பாட்டுகளின் பெயர்கள் பதிவாகியிருப்பதில்லை. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நீளம் என்னும் கணக்கு மட்டுமே உண்டு. அப்படியானால் கணினியில் இட்டவுடன் பெயர்கள் எங்கிருந்து தோன்றின? 1993இல் டி கான் என்பவரும் நண்பரும் தொடங்கிய சிடிடிபி என்னும் தரவுத்தளத்திலிருந்து. பாட்டுகளின் நீளக் கணக்கை வைத்துத் தகட்டை அடையாளங்கண்டு, முன்னரே எவரோ ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய பெயர்களை அது தந்தது. உலகெங்கும் ஊதியமின்றி உழைத்தவர்களின் கொடை அது. பின்னர் வணிக நிறுவனமாகி, 2001இல் உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. அதற்கு மாற்றாக எழுந்த 'ஃப்ரீடிபி' 2020இல் மூடப்பட்டது. தமிழ்த் தகடுகளின் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் தத்தம் காதுக்குப் பட்டவாறு எழுதினார்கள். ஆகவே இளையராஜா என்ற ஒருவர் ஒரு கணினிக்குள் நான்கு ஐந்து இசையமைப்பாளர்களாகப் பிரிந்து நின்றார்.

இனி எம்பி3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தார் இவ்வடிவத்திற்கான கோப்பு விகுதியை 1995 ஜூலையில் முடிவு செய்தனர். காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சுருக்குவது அதன் உத்தி. நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் போதும் என்றானது. அதுவரை பதினைந்து இருபது பாட்டுகள் கொண்ட தகட்டில் 150 பாட்டுகள் அடங்கின. நடைபாதையில் 'எம்.ஜி.ஆர். ஹிட்ஸ் 150' என்று விற்ற தகடுகள் உரிமை மீறியவை என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்காதவர் எத்தனை பேர் என்பதும் தெரியும். ஓசையில் எதைக் கழிப்பது என்று அத்தனை நுட்பமாக ஆராய்ந்த அந்த அறிஞர்கள், பெயருக்குக் கோப்பில் ஓர் இடத்தையும் ஒதுக்கவில்லை.

அக்குறையை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் நிரப்பினார். கோப்பின் வாலில் 128 பைட்டுகளைச் சேர்த்து அதற்கு ஐடி3 என்று பெயரிட்டார். பாட்டின் பெயருக்கு முப்பது இடம், கலைஞருக்கு முப்பது, தொகுப்புக்கு முப்பது, ஆண்டுக்கு நான்கு, குறிப்புக்கு முப்பது, இசைவகைக்கு ஓர் எண். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அமெரிக்கப் பாப் இசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அங்கே பாடுபவரே கலைஞர். தமிழ்த் திரைப்பாட்டில் 'கலைஞர்' யார்? சௌந்தரராஜனா, விசுவநாதனா, கண்ணதாசனா? ஒரே கட்டம்தான் உண்டு. பெரும்பாலோர் அதில் இசையமைப்பாளரையோ பாடகரையோ எழுதினர். கவிஞருக்கு இடமே இல்லை. திரைப்பாடலாசிரியர்களுக்கு ஊதியப் பங்கில் விட்டுக்கொடுக்க முடியாத உரிமையை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2012இல்தான் வழங்கியது என்பதை இதனோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். இசைவகைப் பட்டியலோ இன்னும் வேடிக்கை. முதலில் வகுத்த எண்பது வகைகளுள் போல்கா நடனத்திற்கு இடமுண்டு, கிறித்தவ ராப் இசைக்கு இடமுண்டு. கருநாடக இசைக்கு இல்லை. அரியக்குடியும் மதுரை மணியும் 'எத்னிக்' என்ற பொதுக் கொட்டிலில் அடைக்கப்பட்டார்கள்.

முப்பது இடம் என்பது ரோமன் எழுத்துக்கு. தமிழுக்கு? ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு வேண்டும். மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்க் கொம்புக்கும் தனித்தனியே மூன்று. சீர்காழி கோவிந்தராஜன் என்று அந்தக் கட்டத்தில் எழுத முயன்றால் 'சீர்காழி க' என்பதோடு இடம் தீர்ந்து, ஓகாரக் கொம்பு பாதியில் முறிந்து நிற்கும். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்தத் தடையை நீக்கியது. அதில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நீளத்திற்கும் இடர் இல்லை. ஆனால் கட்டம் இருப்பது ஒன்று, அதை நிரப்புவோர் இருப்பது வேறொன்று.

நிரப்பியவர்களுக்கும் ஒரு கேடு நேர்ந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்க் கணிமை பல குறியீட்டு முறைகளாகப் பிரிந்து கிடந்தது. பாமினி, டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் எனப் பல. ஆர்வலர் ஒருவர் இரவெல்லாம் விழித்துத் தம் ஆயிரம் பாட்டுகளுக்கும் டிஸ்கியில் பெயரிட்டிருப்பார். புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பெயர்களெல்லாம் கொக்கியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாய்ப் பிதற்றும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்குள் எத்தனையோ சேமிப்புகள் இரண்டு மூன்று கணினிகள் கடந்துவிட்டன. அந்தப் பிதற்றலை அழித்துவிட்டு 'பாட்டு 1, பாட்டு 2' என்று மாற்றியவர்களை நாமறிவோம். அழிக்கவேண்டியதில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லியாகவேண்டும். குறியீடு மாற்றும் செயலிகள் இருக்கின்றன. அந்தப் பிதற்றலுக்குள் பெயர் முழுதாக இருக்கிறது. மேலே ஒரு படி திருத்தினால் அது தமிழாகிவிடும்.

பாட்டுகளை ஒருவர் கோத்து வைத்த வரிசை இன்னும் எளிதில் உதிர்வது. எம்3யு எனப்படும் பட்டியல் கோப்பில் பாட்டு இருப்பதில்லை. பாட்டு எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். 'டி' டிரைவிலிருந்த அடைவு புதிய கணினியில் 'இ' டிரைவுக்குப் போனால் எல்லா முகவரியும் பொய்யாகும். ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள்களில், எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம், எந்த நாளில் சேர்த்தோம் என்ற கணக்குகள் பாட்டுக் கோப்பில் இல்லை, தனியான நூலகக் கோப்பில் இருந்தன. பாட்டு அடைவை மட்டும் பென் டிரைவில் அள்ளி வந்தவருக்கு அவை கிட்டா. விண்டோசில் படியெடுத்தால் கோப்பு உருவான நாளாகப் படியெடுத்த நாளே காட்டப்படும். 1999இல் சேர்த்த பாட்டும் நேற்றுச் சேர்த்த பாட்டும் ஒரே வயதாகிவிடும். இதை நாம் பெரிய இழப்பாகக் கருதுகிறோம். ஏட்டுச் சுவடிகளில் பாட்டு எந்த வரிசையில் இருந்தது என்பதைக் கொண்டே எத்தனையோ முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். ஒரு ரயில்வே தொழிலாளி தம் மகளின் திருமண வாரத்தில் என்னென்ன பாட்டுகளை எந்த வரிசையில் சேர்த்தார் என்பதும் ஒரு சுவடிதான்.

பெருநிறுவனங்களிடம் ஒப்படைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் வரலாறு துணை நிற்கவில்லை. மைஸ்பேஸ் தளம் தன் வழங்கிகளை மாற்றியபோது 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய ஒலிக்கோப்புகள் அழிந்துபோயின. 2019இல் இது வெளிவந்தபோது ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றும்போது நேர்ந்த இழப்பு என்பதைக் கவனிக்கவேண்டும். கூகுளின் இசைச் சேவையும் 2020இல் மூடப்பட்டு, பயனர் சேமிப்புகள் யூடியூப் மியூசிக்குக்கு மாற்றப்பட்டன.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: பழைய திரைப்பாட்டுகள் அனைத்தும் இன்று கைப்பேசியில் கிடைக்கின்றனவே, எதற்கு இந்தப் பாடு? திரைப்பாட்டைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதே. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், வாமனன் போன்றோரின் உழைப்பால் அவற்றின் பெயர்களை மீட்கவும் முடிகிறது. பழைய கணினியைக் காயலான் கடையில் போட்டாலும் அப்பாட்டுகள் திரும்ப வரும்.

வராதவை வேறு. புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர், இராயபுரம் பகுதிகளில் இறப்பு வீட்டின் இரவில் விடிய விடியப் பாடப்படும் மரண கானாவை எந்தக் கம்பெனியும் நெடுங்காலம் தட்டில் அழுத்தவில்லை. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய பாட்டும், பின்னர் கானா பாலாவின் திரைப்பாட்டுகளும், 2018இல் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவும் கானாவை ஊரறியச் செய்தது உண்மை. அதற்கு முந்தைய குரல்கள்? வீட்டார் ஒருவர் டேப் ரிக்கார்டரைத் திண்ணையில் வைத்துப் பதிந்த நாடாக்களில் இருந்தன. பிறகு எவரோ ஒரு பேரன் ஒயரை இணைத்து அவற்றைக் கணினிக்குள் ஏற்றினான். உலகிலேயே அந்தப் பாட்டுக்கு அந்த ஒரு பிரதிதான். எந்தத் தரவுத்தளத்திலும் அதற்குப் பெயரில்லை. பாட்டைக் கேட்டு இனங்காணும் இன்றைய செயலிகளுக்கும் அது தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அவற்றிடம் மூலம் இல்லை. புதிய மடிக்கணினி வந்ததும் 'தெரியாத கலைஞர்' என்ற தலைப்பின்கீழ் வந்து நிற்பவற்றுள், முதலில் நீக்கப்படுவது இதுதான்.

சங்கத் தொகைகளைச் சேர்த்தவர்களுக்கும் இவ்விடர் இருந்தது. பாடியவர் பெயர் தெரியாதபோது பாட்டிலுள்ள ஓர் அரிய தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அவ்வாறு வந்தவர்கள். பெயர் தெரியவில்லை என்று பாட்டைத் தள்ளிவிடவில்லை என்பதே அவர்களுடைய பெருமை.

கல்லூரியில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் இத்தகைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் 'ஆடியோ 014'. நாற்பத்தொரு நிமிடம். புல்புல்தாராவும் ஒரு தகர டப்பாவின் தாளமும். இறந்தவர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். 1996இல் ஆலை மூடப்பட்டபின் என்ன செய்தார், எந்தத் தெருவில் இருந்தார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் பாட்டுக்குள்ளேயே வருகின்றன. கௌஹர் ஜானைப் போல, ஓசையோடு கட்டிய பெயர். ஆனால் அது இறந்தவரின் பெயர். பாடியவர் பெயர் எங்கும் இல்லை. மாணவர் அந்தத் தெருவுக்கே கைப்பேசியோடு போய் முதியவர்களிடம் ஒலிக்கச் செய்தார். முதலாமவர் கேட்ட மாத்திரத்தில் ஒரு பெயரைச் சொன்னார். இரண்டாமவர், அவர் அப்போதே இறந்துவிட்டார், இது அவருடைய தம்பி குரல் என்றார். இருவரும் நெடுநேரம் வாதிட்டார்களாம். இப்போது அந்தக் கோப்பில் 'கலைஞர்' என்ற கட்டத்தில் தெருவின் பெயர் இருக்கிறது. இரண்டு பெயர்களும், அவற்றைச் சொன்ன இருவர் பெயர்களும், கேட்ட நாளும் குறிப்புக் கட்டத்தில் இருக்கின்றன, ஒருங்குறியில்.